ஸஃபரும் மவ்சிமும்

ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் சிங்கமும் யானையும் காணச் செல்லும் பயணத்தைச் 'சஃபாரி' என்று உலகம் வழங்குகிறது. கிழக்காப்பிரிக்கக் கரையோர மக்களின் சுவாஹிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அம்மொழிக்கு அதனை ஈந்தது அரபு. முஸாஃபிர் என்றும் ஸஃபர் தொழுகை என்றும் நம் வீடுகளில் புழங்கும் அதே ஸஃபர்தான் கடல் கடந்து சஃபாரி ஆயிற்று. (ஸஃபர் மாதத்துக்கும் இதற்கும் உறவில்லை, அரபியில் எழுத்தே வேறு. அம்மாதத்தில் பயணம் புறப்படலாகாது என்று நம் பாட்டிமார் அஞ்சியதற்கு மார்க்கத்தில் ஆதாரமும் இல்லை.) அதுபோலவே 'மான்சூன்' என்று ஐரோப்பியர் சொல்லும் பருவக்காற்றும் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லின் திரிபாகும். மவ்சிம் என்றால் பருவம்.

பயணத்துக்கு ஒரு சொல்லும் அதற்குரிய காலத்துக்கு ஒரு சொல்லுமாக இரண்டையும் கொடுத்தவர்கள் பாய்மரக் கப்பலோட்டிய அரபுகள். நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குக் காற்றில் அவர்கள் ஆப்பிரிக்கக் கரைக்குப் போவார்கள். ஏப்ரலுக்குப் பின் தென்மேற்குக் காற்று எழுந்ததும் திரும்புவார்கள். 1331-ஆம் ஆண்டு வாக்கில் இப்னு பதூதா மொகதிஷுவையும் மொம்பாசாவையும் கில்வாவையும் கண்டுவந்தது இந்தக் காற்றின் துணையால்தான். காலம் தவறிப் பாய் விரிப்பவனுக்கு அந்தக் கடலில் வழி கிடையாது.

இதையெல்லாம் படித்து அறிந்திருந்தும், காலம் பாராமல் ஒரு பயணத்துக்கு நாம் தலையசைத்தோம். போனது ஆப்பிரிக்காவுக்கு அன்று. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்வரத்தக்க கூந்தன்குளத்துக்கு. நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

நம் லாத்தாவின் மகன் துபாயில் வேலை பார்க்கிறார். அங்கே பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை ஜூலையிலும் ஆகஸ்டிலும். 2023-இல் அவர் குடும்பத்தோடு ஊர் வந்தபோது அவருடைய மகளுக்குப் பதினொரு வயது. தொலைக்காட்சியில் ஆப்பிரிக்க விலங்குகளைப் பார்த்துப் பார்த்து, கென்யாவுக்குப் போகவேண்டும் என்று தகப்பனாரை நச்சரித்துக்கொண்டிருந்தாள். லாத்தாவோ, "கென்யா கிடக்கட்டும். நம்ம ஊருக்கு நாரை வரும், கூழைக்கடா வரும், சீமையிலேயிருந்து வாத்து வரும். முதல்ல அதைக் காட்டு" என்று நம்மைப் பார்த்துச் சொன்னார்கள். லாத்தாவின் இளமையெல்லாம் தாமிரபரணிக் கரையில் கழிந்தது. திருப்புடைமருதூர்க் கோயிலை ஒட்டிய மரங்களில் நாரைகள் கூடு கட்டி நிறைந்திருக்கும் காட்சியை அவர்கள் சொல்லக் கேட்டால் நேரில் பார்த்ததுபோல் இருக்கும். பாசத்தின் மிகுதியில், "அதற்கென்ன, நாளைக்கே போகலாம்" என்று நாம் வாக்குக் கொடுத்துவிட்டோம். அது ஆகஸ்ட் மாதம் என்பது நம் புத்தியில் உறைக்கவே இல்லை.

சுபுஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி கடந்து, கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடையில் தேநீர் குடித்துவிட்டுக் கூந்தன்குளம் போய்ச் சேர்ந்தோம். குளத்தில் தண்ணீர் இல்லை. வெடித்துக் கிடந்த களிமண்ணில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கருவேல மரங்களில் பழைய கூடுகளின் சுள்ளிகளும் எச்சத்தின் வெண்மையும் மட்டும் இருந்தன. தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னே ஓடிய சிறுமி திரும்பி வந்து, "வாப்பும்மா, பறவை எல்லாம் எங்கே?" என்று கேட்டாள். லாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி வத்திப் போச்சுன்னா அது எதுக்கு இருக்கும்? அது சரியான நேரத்துக்கு வந்துட்டுப் போயிட்டுது. நாமதான் பொறவு வந்திருக்கோம்" என்றார்கள். குற்றம் நம்முடையது என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லாமலே நமக்கு விளங்கிற்று.

அன்று இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது, நமக்குத் தெரியாத செய்தி இதில் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு ஆண்டின் கணக்குப் பாடம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தென்மேற்குக் காற்று ஜூன் முதல் பொதிகைமலையில் மழையைக் கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, கார் நெல் விளைகிறது. ஆனால் அம்மழை மலையோடு நின்றுவிடுகிறது. சமவெளிக்குச் சாரலும் குளிர்காற்றுமே மிச்சம். கூந்தன்குளம் கிடக்கும் நாங்குநேரிப் பக்கம் மழைமறைவுப் பூமி. அங்குள்ள குளங்கள் நிறைவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்கு மழையாலும், மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் நீராலும்தான். பிசான நெல் பச்சைபிடித்து நிற்கும் அந்த நாளில்தான் குளத்தில் மீனும் நத்தையும் தவளையும் பெருகும். பறவை அதைத் தேடித்தான் வருகிறது. உழவன் விதைக்கும் கணக்கும் பறவை கூடு கட்டும் கணக்கும் ஒன்றே. நாமோ விமானச் சீட்டின் கணக்கைப் பார்த்தோம்.

கூந்தன்குளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறோம். 1994-இல் அது பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு பெரிதன்று, 129 ஹெக்டேர்தான். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் அதன் பெயர் வெளியாயிற்று. ஆனால் அரசாணை வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பே ஊரார் ஆணையிட்டுக்கொண்டார்கள். குளத்து மரங்கள் போதாமல் ஊருக்குள் வந்து, வீட்டு முற்றத்து மரங்களில் நாரைகள் கூடு கட்டும். எச்சம் வீட்டுக் கூரையில் விழும், நாற்றம் எடுக்கும். எவரும் விரட்டுவதில்லை. பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பறவைகள் மிரளும் என்று வெடி வெடிப்பதையும் விட்டுவிட்டார்கள்.

டிசம்பரில் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடத் தொடங்குகின்றன. குஞ்சு பொரித்து, வளர்த்து, ஏப்ரல், மே வரை அவை தங்கும். அரிவாள்மூக்கனும் பாம்புத்தாராவும் நத்தைகுத்தி நாரையும் உடன் இருக்கும். இவை நம் நாட்டுப் பறவைகள். வெளிநாட்டு விருந்தாளிகளும் அதே பருவத்தில்தான் வருகிறார்கள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி ஆகியவை வட ஆசியாவிலிருந்து இறங்குகின்றன. தலையில் இரண்டு கருங்கோடு உடைய வரித்தலை வாத்து, திபெத்திலும் மங்கோலியாவிலும் கோடையைக் கழித்துவிட்டு, இமயத்தையே தாண்டி இந்தக் குளத்தில் வந்து புல் மேய்கிறது. சத்திமுத்தப் புலவர் மதுரையில் குளிரில் வாடிக்கொண்டு நாரையிடம் தூது சொன்ன தனிப்பாடலை நம்மில் பலர் பள்ளியில் படித்திருக்கிறோம். தென்குமரியில் நீராடி வடதிசைக்குத் திரும்பும் நாரை அது. மனிதன் குளிர் தாங்காமல் நடுங்கும் பருவமும் நாரை தெற்கே வந்து திரும்பும் பருவமும் ஒன்றாயிருப்பதைப் புலவர் கவனித்திருக்கிறார். நாம் பாட்டை மனப்பாடம் செய்ததோடு சரி.

அப்படியானால் நவம்பரிலேயே போய்விடலாமே எனலாம். அதுவும் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் உடைந்தன. குழந்தை குட்டிகளோடு பறவை பார்க்கப் புறப்படும் நாட்கள் அல்ல அவை. இன்னொரு நுட்பமும் உண்டு. குளம் கடல்போல் நிறைந்திருந்தால் வாத்துகளுக்கும் கூழைக்கடாக்களுக்கும் கொண்டாட்டம். ஆனால் சேற்றில் நடந்து இரை பொறுக்கும் உள்ளான் வகைகளுக்கு நிற்க இடம் இருக்காது. தண்ணீர் சற்றே இறங்கிக் கரையோரம் சேறு தெரியவேண்டும். அப்போதுதான் ஆழத்துப் பறவையும் கரைப்பறவையும் ஒருங்கே காணக்கிடைக்கும். ஆகவே ஜனவரியின் பிற்பகுதியும் பிப்ரவரியுமே தலைசிறந்த காலம்.

இது நம் ஊகமன்று. மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை ஆண்டுதோறும் நடத்திவருகிறார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்துகொண்டிருப்பது ஜனவரி மாதம். மாணவர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் குளம் குளமாகப் போய், விடியற்காலையில் நின்று எண்ணுகிறார்கள். திருநெல்வேலி நகரத்து நயினார்குளம்கூட அதில் சேர்த்தி. பேருந்து இரைச்சலுக்கு நடுவிலும் அங்கே பறவை உண்டு. அவர்களோடு ஒரு காலை நின்றவர்களுக்கு வேறு ஆசான் வேண்டியதில்லை என்பது நம் எண்ணம்.

பறவை நோக்குவோர் இந்தியாவில் கொண்டாடும் நாளும் பருவத்தின் தொடக்கத்தில்தான் வருகிறது. அது நவம்பர் 12, டாக்டர் சலீம் அலி 1896-இல் பம்பாயில் பிறந்த நாள். பெற்றோரை இளமையிலேயே இழந்து மாமன் வீட்டில் வளர்ந்த அச்சிறுவர், விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இதைத் தின்பது கூடுமா கூடாதா என்னும் ஐயம் எழுந்தது. மாமனிடம் கொண்டுபோனார், மாமன் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். ஹலாலா என்று கேட்கப்போன கேள்வி, இந்தியப் பறவையியலின் தந்தையை உருவாக்கிற்று. 1933-இல் அவர் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை ஆராய்ந்து திரிந்த மலைகள், நாம் இங்கே மேற்கே பார்க்கும் மலைத்தொடரின் மறுபக்கம்தான். 1987-இல் மறைந்தார். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்த்தோம்; பதிலைச் சொல்லி வாசகர்களை வருத்தப்படுத்த விரும்பவில்லை.

பறவைக்கு இது என்றால், விலங்குக்குக் கணக்கு வேறு. பாபநாசத்துக்கு மேலே விரிந்து கிடக்கும் காடு 1962-இல் முண்டந்துறைப் புலிகள் சரணாலயமாயிற்று. 1976-இல் களக்காடு சரணாலயம் அமைந்தது. 1988-இல் இரண்டும் சேர்ந்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆயின. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. பெயரைக் கேட்டுப் புலியைக் காணலாம் என்று வருவோர் ஏமாறுவர். ஆப்பிரிக்கப் புல்வெளியில் பத்துக் கல் தொலைவில் நிற்கும் விலங்கும் கண்ணுக்குத் தெரியும். இங்கே பத்து முழத்தில் நிற்பதும் தெரியாது. அவ்வளவு அடர்ந்த சோலை. மிளாவும் புள்ளிமானும் கருமந்தியும் கண்ணில் படலாம். யானை பட்டால் நல்வாய்ப்பு. மழை ஓய்ந்து, காட்டு ஓடைகள் சுருங்கி, விலங்குகள் நிலைத்த நீரை நாடி இறங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களே இதற்கு ஏற்றவை. இருவாட்சி குடும்பம் நடத்தும் காலமும் ஏறத்தாழ அதுவே. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சேவல் சிறு துளை வழியே பழம் கொண்டுவந்து ஊட்டும். இந்த உழைப்பாளியைப் பார்த்தபின் எந்தக் கணவனும் வீட்டில் கடைக்குப் போகச் சலித்துக்கொள்ள மாட்டான்!

கோடை முற்றினால் காட்டுத்தீயின் அச்சம் உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் தீயில் சிக்கி மாண்ட துயரத்தை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். அந்நாட்களில் விலங்கு எதுவும் சாலைப் பக்கம் தலைகாட்டாது. எந்த மாதமானாலும் வனத்துறையாரிடம் முன்கூட்டிக் கேட்டு, அனுமதிக்கும் இடத்துக்கு மட்டும் போவதே முறை.

துபாய்க்குத் திரும்பிய மருமகன் சில மாதம் கழித்துத் தொலைபேசியில் கேட்டார்: "மாமா, கென்யாவுக்குப் போறதுன்னா எந்த மாசம் நல்லது?" கூந்தன்குளத்தில் பட்ட பாடு அவருக்கும் உறைத்திருந்தது. நாம் படித்துச் சொன்னது இது. அங்கும் இரண்டு மழை: மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பர், டிசம்பரில் சிறுமழை. ஜூன் முதல் அக்டோபர் வரை வறட்சி. புல் காய்ந்து, நீர் சுருங்கி, விலங்குகள் ஆற்றங்கரைகளில் திரளும் அக்காலமே விலங்கு காண உகந்தது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து கென்யாவின் மாரா ஆற்றைக் கடப்பதும் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில்தான். அவை கன்று ஈனுவது காண வேண்டுமாயின் பிப்ரவரி வாக்கில் தென் செரெங்கெட்டிக்குப் போகவேண்டும். ஆனால் பறவை பிரியருக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை சிறந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வலசை வரும் பறவைகள் அப்போதுதான் அங்கிருக்கும்.

அந்த வலசைப் பறவைகளில் ஒன்று நம் நாட்டின் வழியே போகிறது. அமூர் வல்லூறு என்னும் புறா அளவே உள்ள சிறு வேட்டைப்பறவை, சீனத்து வடகிழக்கிலிருந்து கிளம்பி, நாகாலாந்தில் இளைப்பாறி, இந்தியாவைக் கடந்து, அரபிக் கடலின் மேல் நில்லாமல் பறந்து ஆப்பிரிக்கா சேர்கிறது. 2013-இல் நாகாலாந்தில் சில பறவைகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி கட்டி இதைக் கண்டறிந்தார்கள். அவை கடல் கடக்கும் மாதங்கள் நவம்பரும் டிசம்பரும். வடகிழக்குக் காற்று பின்னிருந்து தள்ளுகிறது. அரபு மாலுமிகள் பாய் விரித்த அதே மவ்சிம்! இப்னு பதூதாவுக்கு வழி காட்டிய காற்றை இக்குருவி எந்த நூலில் படித்ததோ, படைத்தவனே அறிவான்.

மருமகன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படின்னா மிருகத்துக்கு என் லீவு சரி, பறவைக்குச் சரியில்லை" என்றார். ஆம், அவ்வளவுதான் விஷயம். எதைப் பார்க்க ஆசை என்பதை முதலில் முடிவுசெய்யவேண்டும். மாதம் தானே முடிவாகிவிடும். இரண்டையும் ஒரே பயணத்தில் நிறைவாகக் காட்டுகிறேன் என்று எவரேனும் விளம்பரம் செய்தால் அவரிடம் பணத்தைக் கட்டுவதற்கு முன் மாதத்தைக் கேளுங்கள்.

இதற்கிடையில் நாம் எண்ணாதது ஒன்று நேர்ந்தது. லாத்தாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. புரை என்று நினைத்து, குளிர் கழியட்டும், நோன்பு கழியட்டும், மகன் வரட்டும் என்று தள்ளிப்போட்டோம். திருநெல்வேலியில் மருத்துவரிடம் காட்டியபோது கண் அழுத்த நோய் என்றார். இருக்கும் பார்வையைக் காக்கலாம். போனது திரும்பாது என்றார். பறவை அடுத்த ஆண்டும் வரும் என்று நாம் நிதானமாகப் பருவம் ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

துபாய்ப் பள்ளிகளுக்கு டிசம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை குளிர்கால விடுமுறை உண்டு என்பது அதன்பிறகுதான் பேச்சில் வந்தது. இத்தனை நாளும் அது நம் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. விடுமுறை என்றாலே கோடை என்று பழகிய மனம்! 2025 ஜனவரி தொடக்கத்தில் மருமகன் பத்து நாள் விடுப்பில் மகளோடு வந்தார். இம்முறை ஊரில் உள்ளவர்களிடம் குளத்தின் நிலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டே போனோம். டிசம்பர் மழையில் குளம் நிறைந்து கிடந்தது. மஞ்சள்மூக்கு நாரைகள் சுள்ளி சுமந்துகொண்டு போவதும் வருவதுமாயிருந்தன. லாத்தாவைக் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். வெள்ளையாய் ஏதோ அசைவது தெரிகிறது என்றார்கள். அதற்குமேல் அவர்களுக்குத் தெரியவில்லை.

சிறுமி பக்கத்தில் நின்று தொலைநோக்கியில் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அலகு மஞ்சள், சிறகில் கறுப்புப் பட்டை, வாலுக்குப் பக்கம் ரோஜா நிறம். லாத்தா ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார்கள். திடீரென்று தலைக்குமேல் ஒரு கூட்டம் சீட்டியடித்துக்கொண்டு போயிற்று. நாம் நிமிர்ந்து பார்ப்பதற்குள், "சீழ்க்கைச் சிறகி. நிறைய இருக்கும் போலிருக்கே" என்றார்கள். முப்பது, நாற்பது இருக்கும். சிறுமி வியப்போடு வாப்பும்மாவைப் பார்த்தாள். நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் 'கேட்டது' என்று குறித்துக்கொண்டாள். மற்றவற்றுக்கெல்லாம் 'பார்த்தது' என்றிருந்தது.

திரும்பும் வழியில் பெருநாள் விடுமுறையைப் பற்றிப் பேச்சு வந்தது. நம் ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவது. 354 அல்லது 355 நாள். பறவையோ சூரியனைப் பின்பற்றுவது. ஆகையால் பெருநாள் ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ 11 நாள் முன்னேறி, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. பெருநாளில் மட்டுமே பயணம் போகும் குடும்பமும், பொறுமை இருந்தால், ஒரு தலைமுறைக்குள் எல்லாப் பருவத்தையும் பார்த்துவிடும். 2023-இல் நோன்புப் பெருநாள் ஏப்ரலில் வந்தது. சிறுமி கைப்பேசியில் கணக்குப் போட்டு, 2029-இல் பிப்ரவரி நடுவிலும் 2030-இல் பிப்ரவரி தொடக்கத்திலும் வரும் என்றாள். பெருநாளும் நாரையும் ஒரே வாரத்தில்! நம் எல்லோருக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகப் பட்டது.

"2029-ல எனக்கு எத்தனை வயசு?" என்று லாத்தா கேட்டார்கள். எழுபத்தாறு என்றாள் பேத்தி. லாத்தா சற்று யோசித்துவிட்டு, "அது வரட்டும், இன்ஷா அல்லாஹ். அதுவரைக்கும் வருஷா வருஷம் இந்த லீவுக்கே வந்துருங்க" என்று மகனிடம் சொன்னார்கள்.

கென்யா தள்ளிப்போயிருக்கிறது. வருகிற குளிர்கால விடுமுறைக்கும் மருமகன் சீட்டுப் பதிவு செய்துவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். குளத்தில் தண்ணீர் எப்படி என்று அதற்கு முன் ஒருமுறை நாம் போய்ப் பார்த்துவரவேண்டும்.